சூரன்போரன்று நான் விழுந்த கதை

கொக்குவில்,
கார்த்திகை மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. மனுசி கண்மூடியபிறகு நித்திரையே இல்லை, செபமாலையையும் தொடுவதில்லை என்று எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு கேள்வி வேறு: "கும்பிட்டால் வருத்தம் மாறுமாடா?" உடனே பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. நானே ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

பதறாதே, இப்போது சுகம். கந்தசட்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் பிடித்தேன். சீனி வருத்தத்துக்குப் போடும் குளிசையை மட்டும் ஒழுங்காகப் போட்டு வந்தேன். ஆறாம் நாள் நல்லூர் வீதியில் சூரன்போர் பார்க்க நிற்கிறேன், கை நடுங்குகிறது, சட்டையெல்லாம் வியர்வை. சூரன் மாமரமாகும் முன்னரே நான் மணலில் விழுந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்பிள்ளை வாயில் ரொபி ஒன்றைத் திணித்ததாகச் சொல்கிறார்கள். அவள்தான் அன்று எனக்கு முருகன்.

வாட்டில் இருந்த இளம் டொக்டர் ஏசவில்லை. "ஐயா, குளிசை சீனியை இறக்கத்தான் செய்யும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது கேட்காது. விரதம் பிடிக்கிறேன் என்று முதலே வந்து சொல்லியிருந்தால் அளவை மாற்றித் தந்திருப்போமே" என்றார். வேண்டாம் என்று மறித்துவிடுவார்கள் என்று பயந்துதான் நான் கிளினிக்கில் வாயே திறக்கவில்லை. பிழை முழுக்க என்னுடையது. எங்கள் யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமியையே 1961இல் மாடு தள்ளி இடுப்பெலும்பு முறிந்தபோது ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்று சொன்னவருக்கே அப்படியென்றால் நான் எம்மாத்திரம்!

ஆனால் மச்சான், அந்த வாட்டில் இரவு எனக்கு நித்திரை தந்தது குளிசை இல்லை. ஓம் சரவணபவ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன். எண்ணிக்கை தப்பத் தப்ப மூச்சு தானாக இறங்கியது, நெஞ்சுப் படபடப்பும் அடங்கியது. வீட்டுக்கு வந்தபிறகு மகள் ஒரு கட்டுரையை வாசித்துக் காட்டினாள். இத்தாலியில் பெர்னார்டி என்ற வைத்தியர் 2001இல் வெளியிட்ட ஆய்வாம். செபமாலை சொன்னாலும் பௌத்த மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு முறை அளவில் வந்து நிற்கிறதாம். இரத்த அழுத்தத்தைச் சமப்படுத்தும் உடம்பின் பொறிமுறையும் அந்த வேகத்தில் நன்றாக வேலை செய்கிறதாம். உன் அம்மா பின்னேரத்தில் செபமாலை சொல்லி முடிக்கும்வரை நாங்கள் குருநகர் ஒழுங்கையில் பந்தோடு பொறுமையில்லாமல் நிற்போமே, ஞாபகமா? அம்மா அப்போதே தன் நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா.

இங்கே தயா சோமசுந்தரம் போன்ற மனநல வைத்தியர்களும், போர் தந்த மனக்காயங்களுக்கு மருந்தோடு மூச்சுப் பயிற்சியையும் அவரவர் சமயத்துச் செபத்தையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. பிள்ளையைத் தேடித் திரியும் ஒரு தாய் வெள்ளிக்கிழமை செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி அழுதுவிட்டு, மடத்தில் நூறு பேரோடு பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். பிள்ளை வந்துவிடவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் தனியே சாப்பிடவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் நம்பிவிடாதே. அமெரிக்காவில் இதயப் பைபாஸ் செய்த கிட்டத்தட்ட 1,800 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2006இல் முடிவு வந்தது. முன்பின் தெரியாதவர்கள் செபித்ததால் ஒரு பலனும் தெரியவில்லை. தங்களுக்காகச் செபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்குச் சிக்கல் கூடத்தான் வந்தது, நூற்றுக்கு 59. அது தெரியாதிருந்தவர்களுக்கு 51, 52 அளவுதான். எனக்கு இது விளங்குகிறது. "எனக்காகச் செபிக்கிறார்களா? அவ்வளவு மோசமா என் நிலை?" என்று யாருக்கும் நெஞ்சு திக்கென்னும்தானே. மடு மாதா கோயில் மண் பாம்புக்கடிக்கு மருந்து என்று உன் அம்மா ஒரு சரையில் வைத்திருந்தா. ரொறன்ரோவில் உனக்குப் பாம்புக் கவலை இல்லை. இங்கே கடித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்டம், மண் மடியில் கிடக்கட்டும்.

சரி, உன் நித்திரைக்கு வருவோம். டொக்டரிடம் போ, அது முதல். அப்புறம் அந்த மாலையை எடு. மாதாவோடு கோபம் என்றால் கோபத்தோடேயே சொல்லு, அவ கேட்பா. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ. பூசை பிடிக்காவிட்டால் முடிந்தபிறகு வாசலில் நின்று நாலு பேரோடு கதைத்துவிட்டு வா. உன் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது செபம் விட்டது இல்லை. நீ ஒருவரோடும் கதைப்பதில்லை என்று எழுதிய அந்த ஒரு வரிதான்.

இங்கே மாரி பிடித்துக்கொண்டது, கிணறு கைக்கெட்டும் உயரத்தில் நிற்கிறது. மார்கழியில் திருவெம்பாவை, பத்து நாள். இந்த முறை கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் விரத நாட்களை எழுதி வைத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் காட்ட வேண்டும்.

மனுசியின் ஆண்டுக்கு யாகப்பர் கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டுமென்றால் திகதியை எழுது. நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்