பீப்பாய் ஏலும் லூயிஸ் நகரத்துப் பப்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். லண்டன் நகரின் அரண்மனைகளையும் அருங்காட்சியகங்களையும் விரிவாக விளக்கியிருக்கும் கட்டுரையாளர், பப்களைப் பற்றி எழுதும்போது மட்டும், அவை இரவுநேரக் குடிக்கூடங்கள் என்றும் குடும்பத்துடன் செல்வோர் அவற்றைத் தவிர்ப்பது நல்லது என்றும் இரண்டே வரிகளில் முடித்துவிட்டார். இங்கிலாந்தின் தென்கிழக்கிலுள்ள சசெக்ஸ் பகுதியில் பல ஆண்டுகளாக வசித்து வருபவன் என்ற முறையில் இந்தக் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தை உண்மையாக அறிய விரும்புபவர் அங்குள்ள கோட்டையையும் தேவாலயத்தையும் பார்ப்பதோடு நின்றுவிடாமல், பீப்பாயிலிருந்து நேராக ஏல் என்னும் மரபுவழி பீரை வழங்கும் பழைய பப் ஒன்றிலும் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மது அருந்தாதவர்களை அருந்தச் சொல்வது என் நோக்கமன்று. ஊர் மக்களும் அவர்களுடைய பப்பும் ஒருவரையொருவர் எப்படித் தாங்கி நிற்கிறார்கள் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ரியல் ஏல் என்று இங்கு அழைக்கப்படும் இந்தப் பீப்பாய் பீர், ஆலையை விட்டுப் புறப்படும்போது முழுமை பெற்றிருப்பதில்லை. வடிகட்டப்படாமலும், சூடேற்றிக் கிருமி நீக்கப்படாமலும், உயிருள்ள ஈஸ்ட்டுடனேயே பீப்பாயில் அடைக்கப்பட்டு வரும் அது, பப்பின் நிலவறையில்தான் இரண்டாம் முறை நொதித்துப் பக்குவம் அடைகிறது. பப்பை நடத்துபவர் பீப்பாயை அசையாமல் படுக்க வைத்து, மேற்புறத் துளையில் காற்றுப் புகக்கூடிய மென்மையான மரமுளையைச் செருகி, மிகுதியான வாயு வெளியேறும்வரை காத்திருப்பார். நுரைப்பு அடங்கிய பின் அதை எடுத்துவிட்டுக் கெட்டியான முளையைச் செருகுவார். வண்டல் அடியில் படிந்து பீர் தெளிந்த பிறகே கைப்பம்பை இழுத்துக் கோப்பையை நிரப்புவார். வெளியிலிருந்து கரியமில வாயுவைச் செலுத்தி அதை மேலே தள்ளுவதில்லை. நிலவறையின் வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். எனவே இங்கிலாந்தில் பீரைச் சூடாகக் குடிக்கிறார்கள் என்று நம்மிடையே உலவும் பேச்சில் உண்மையில்லை. அது குளிர்ச்சியாகத்தான் இருக்கும், பனிக்கட்டியைப் போல் உறைய வைக்கப்பட்டிருக்காது, அவ்வளவே. அந்த மிதமான குளிர்ச்சியில்தான் மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்தின் இனிப்பும் ஹாப்ஸ் என்னும் கொடிப்பூவின் கசப்பும் நாவில் தனித்தனியே தெரியும்.

பீப்பாயைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே புகுந்துவிடும். மரத்திலிருந்து இறக்கிய கள் நேரம் ஆக ஆகப் புளிப்பதைப் போலவே, திறந்த பீப்பாயின் ஏலும் மெல்லச் சுவை கெடும். ஏறத்தாழ மூன்று நாட்களுக்குள் அதை விற்றுத் தீர்க்க வேண்டும். வழக்கமான சிறிய பீப்பாய் ஒன்றில் 9 கேலன், அதாவது 72 பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) இருக்கும். இந்தக் கணக்கை வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். மூன்று நாட்களில் 72 பைண்ட் அருந்த ஊரார் வராவிட்டால், எவ்வளவு திறமையான நடத்துநராக இருந்தாலும் நல்ல ஏலைத் தர முடியாது. நல்ல ஏல் இல்லையென்றால் ஊராரும் வர மாட்டார்கள். அவ்வகைப் பப் ஒன்று நல்ல நிலையில் நடக்கிறது என்றால், அந்த ஊரின் மனிதர்கள் தொடர்ந்து அங்கே கூடுகிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

இந்தப் பானம் ஒரு காலத்தில் அழிந்துவிடும் நிலைக்கும் வந்தது. 1960-களில் பெரிய பீர் நிறுவனங்கள் சிறிய ஆலைகளை வாங்கி மூடிவிட்டு, கிருமி நீக்கி வாயு ஏற்றப்பட்ட, எங்கும் ஒரே சுவையுடைய கெக் பீரை நாடெங்கும் பரப்பின. அதைப் பராமரிக்க நிலவறைத் திறமை எதுவும் தேவைப்படவில்லை. இதை எதிர்த்து 1971-இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய கேம்ரா என்ற நுகர்வோர் இயக்கம்தான் மரபுவழி ஏலைக் காப்பாற்றியது என்றால் மிகையாகாது.

இவை அனைத்தையும் ஒரே நாளில் நேரில் காண ஏற்ற ஊர் என்று நான் பரிந்துரைப்பது கிழக்கு சசெக்ஸில் உள்ள லூயிஸ். ஏறத்தாழ 17,000 பேர் வாழும் இந்த நகரம் லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ளது. நகரின் நடுவே ஓடும் ஊஸ் ஆற்றின் கரையில் ஹார்வீஸ் பீர் ஆலை நிற்கிறது. 1790 முதல் வணிக வரலாறு கொண்ட இந்த நிறுவனத்தில் ஹார்வி குடும்ப வழியினர் இன்றும் தொடர்கிறார்கள். ஆலைக்கு அடியிலுள்ள நிலத்தடி நீரையும் சுற்றுவட்டாரத்தில் விளையும் ஹாப்ஸையும் கொண்டு இங்கே காய்ச்சப்படும் 'சசெக்ஸ் பெஸ்ட்' என்னும் 4 சதவீத ஏல், இவ்வூர் மக்களுக்குத் தங்கள் கோட்டையைப் போலவே சொந்தமானது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஊஸ் ஆறு கரைபுரண்டு ஆலைக்குள்ளும் வெள்ளம் புகுந்தபோது, ஊரே தன் வீட்டுக்கு நேர்ந்த இழப்பாக அதைக் கருதியது. காய்ச்சும் நாட்களில் மால்ட்டின் மணம் பாலத்தைக் கடக்கும் ஒவ்வொருவரையும் வரவேற்கும். அந்த மணத்துக்காகவே நான் அந்த வழியாக நடப்பதுண்டு.

கோட்டையின் அருகே சிறு சிறு அறைகளுடன் அமைந்திருக்கும் 'லூயிஸ் ஆர்ம்ஸ்' என்ற பப்பின் கதையைத் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 2006-இல் அந்தப் பப் சஃபோக் பகுதியைச் சேர்ந்த கிரீன் கிங் என்ற பெரிய பீர் நிறுவனத்தின் உடைமையாக இருந்தது. தன் பப்பில் தன் பீரே விற்க வேண்டும் என்று முடிவு செய்த அந்நிறுவனம், அவ்வாண்டு டிசம்பரில் ஹார்வீஸ் ஏலை அங்கிருந்து அகற்றியது. அரை மைல்கூட இல்லாத தூரத்தில் காய்ச்சப்படும், அந்தப் பப்பில் மற்றெல்லாவற்றையும்விட அதிகமாக விற்பனையான பீர் அது. வாடிக்கையாளர்கள் முதலில் மனு எழுதினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். பயனில்லை என்றானதும், பல ஆண்டுகளாகத் தாங்கள் அமர்ந்து பழகிய பப்புக்குள் நுழைவதையே நிறுத்தினார்கள். குளிர்காலத்தின் நடுவில் வாசலில் நின்று, உள்ளே செல்ல வருவோரிடம் காரணத்தை எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மேலே நான் சொன்ன பீப்பாய்க் கணக்கு அங்கே கண்கூடாக நிறைவேறியது: ஆட்கள் இல்லாத பப்பில் எந்த ஏலும் ஓடவில்லை. 133 நாட்கள் நீடித்த புறக்கணிப்பின் முடிவில், 2007 ஏப்ரலில் நிறுவனம் பணிந்து ஹார்வீஸ் ஏலைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒரு கோப்பை பீருக்காக இத்தனை போராட்டமா என்று சிலர் கேட்கக்கூடும். தங்கள் வட்டாரத்தில் விளைந்து, தங்கள் ஊரில் காய்ச்சி, தங்கள் ஊரிலேயே பருகும் ஒன்றைத் தொலைவில் உள்ள அலுவலகம் ஒன்று முடிவு செய்து எடுத்துவிட முடியாது என்று அவர்கள் நிலைநாட்டியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஊரின் மற்றப் பப்களும் வரலாற்றைச் சுமந்தே நிற்கின்றன. 1836 டிசம்பர் 27 அன்று சுண்ணாம்புக் குன்றின் உச்சியிலிருந்து சரிந்த பனி எட்டுப் பேரைப் பலிகொண்ட இடத்தில் 'ஸ்னோடிராப்' பப் இருக்கிறது. பிரிட்டனில் பதிவான பனிச்சரிவுகளில் மிக அதிக உயிர்களைப் பறித்தது அதுவே. உயர்தெருவிலுள்ள 'ஒயிட் ஹார்ட்' விடுதியில்தான், 1768 முதல் 1774 வரை இந்நகரில் கலால் வரி அதிகாரியாகப் பணியாற்றிய தாமஸ் பெயின் நண்பர்களுடன் அரசியல் விவாதங்கள் நடத்தினார். பிற்காலத்தில் அமெரிக்க விடுதலைக்காக எழுதிய அதே பெயின்தான் இவர். ஆலைக்கு எதிரேயுள்ள 'ஜான் ஹார்வி டேவர்ன்' இந்த ஏலைப் பிறந்த இடத்துக்கு மிக அருகில் பருகத் தரும்.

முதன்முறை செல்வோருக்குச் சில நடைமுறைகளைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பப்களில் மேசைக்கு வந்து கேட்க மாட்டார்கள்; நாமே பீர் ஊற்றித் தரும் முகப்பு மேசைக்குச் சென்று கேட்டு, அப்போதே பணம் செலுத்த வேண்டும். முழு பைண்ட் என்பது 568 மில்லிலிட்டர். அரை பைண்ட் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கக் கேட்கலாம், பெரும்பாலும் மகிழ்ச்சியுடன் தருவார்கள். நண்பர்களுடன் சென்றால் ஒவ்வொருவரும் முறை வைத்து அனைவருக்கும் வாங்குவது இங்குள்ள வழக்கம். தம் முறை வரும்போது ஒதுங்கி நிற்பதை எவரும் விரும்புவதில்லை. பழச்சாறும் தேநீரும் அருந்திக்கொண்டு அமர்ந்திருப்போரை யாரும் வேறுபாடாகப் பார்ப்பதில்லை. பகல் உணவு நேரத்தில் குழந்தைகளுடன் வரும் குடும்பங்களைப் பல பப்களில் காணலாம். சைவ உணவினர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பீப்பாய் ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் ஒரு பொருளைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அதைச் சேர்க்காத ஏல்களும் இப்போது கிடைக்கின்றன, கேட்டால் சொல்வார்கள். கைப்பம்பைக் கண்டதும் பீப்பாய் ஏல் என்று முடிவு செய்துவிடவும் கூடாது. 2024-இல் பெரிய நிறுவனம் ஒன்று கெக் பீரையே கைப்பம்பு வழியாக ஊற்றித் தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளரை இது குழப்பும் என்று கேம்ரா கண்டித்தது, அது முற்றிலும் நியாயமான கண்டனம்.

பப்கள் மூடப்பட்டு வீடுகளாக மாறிவரும் காலம் இது. 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், ஒரு பப்பைச் சமூகச் சொத்தாகப் பட்டியலிடக் கோரும் உரிமையை ஊராருக்கு அளித்தது. 2017 முதல் இங்கிலாந்தில் உள்ளாட்சியின் திட்ட அனுமதி பெறாமல் பப்பை இடிக்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ முடியாது. இச்சட்டங்கள் கட்டடத்தைக் காக்கும். பீப்பாயை மூன்று நாட்களில் காலி செய்ய அவற்றால் இயலாது. அதற்கு ஆட்கள்தான் வர வேண்டும், வெளியூர்ப் பயணிகளும் அந்த ஆட்களில் அடங்குவர்.

ஆகவே, அடுத்த முறை தங்கள் பயணப் பக்கத்தில் இங்கிலாந்தைப் பற்றி எழுதும்போது, லண்டனுக்கு வெளியே ஒரு நாளை ஒதுக்கி லூயிஸ் போன்ற சிறு நகரம் ஒன்றின் பப்களையும் சேர்த்து எழுதுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாள் குறிக்கும்போது நவம்பர் 5-ஐ மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். அன்று நடக்கும் புகழ்பெற்ற தீப்பந்த ஊர்வலத்துக்காகச் சாலைகள் அடைக்கப்படுவதுடன், அண்மை ஆண்டுகளில் மாலை முதல் ரயில்களும் அங்கே நிற்பதில்லை. வார நாள் ஒன்றின் பிற்பகலே இதற்கு ஏற்றது. கூட்டம் குறைவாக இருக்கும் அந்நேரத்தில், நிலவறையைப் பற்றி விவரம் கேட்டால் முகப்பில் நிற்பவர்கள் நிதானமாகப் பதில் சொல்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பிரைட்டன், இங்கிலாந்து.