சொக்கன் துணை, மகனே

மதுரை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்க மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன்.

நேற்றிரவு போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. ஆர்டர் நின்று பனியன் கம்பெனி வேலை போனதையோ, மருமகளின் சங்கிலி அடகுக்குப் போனதையோ நான் சொல்லவில்லை. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்தக் கஷ்டங்கள் வரத்தான் செய்யும். “சாமிக்கு நம்மைக் கண் தெரியவில்லை அப்பா” என்றாயே, அதைத்தான் சொல்கிறேன். பேசினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதால் எழுதுகிறேன்.

இந்த ஆவணி மூலத்துக்கு உன்னால் வர முடியவில்லை. புட்டுத்தோப்பில் நல்ல கூட்டம். சுவாமியும் அம்மனும் எழுந்தருளினார்கள். திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வழக்கம்போல் வந்து சேர்ந்தார்கள். பிட்டுக்கு மண் சுமந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் மூட்டை தூக்கிப் பிழைத்த உன் அப்பன் சொல்லி ஒருமுறை கேள்.

வைகை உடைப்பெடுத்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்று வயிறு கழுவும் வந்திக்கு ஆண் துணையும் இல்லை, ஆள் வைக்கக் காசும் இல்லை. அப்போது கூலியாளாக வந்தவனைப் பார். அழுக்கு வேட்டி, தோளில் மண்வெட்டி, தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை. கீழமாசி வீதி மண்டிகளில் அதே சும்மாட்டோடு எத்தனை காலம் நின்றிருக்கிறேன்! துண்டை முறுக்கி, நடுவில் குழி விட்டுச் சுற்ற வேண்டும். தட்டையாக வைத்தால் மூட்டை நிலைகொள்ளாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வேர்வையில் ஊறி, மிளகாய் வற்றல் நெடி ஏறிப்போன துண்டு அது. பரிவட்டம் கட்டும் தலையில் அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆண்டவன் என் ஊருக்கு வந்தான். இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

கூலி என்ன கேட்டான்? உதிர்ந்த பிட்டு. அன்றைக்குப் பார்த்து அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போனது! அவனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மண் சுமக்கவில்லை. பாடினான், ஆடினான், தின்றான், படுத்து உறங்கினான். பக்கத்தில் வெள்ளம் புரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அரசன் ஆட்கள் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் இத்தனை விளையாட்டும். கடைசியில் வந்தியின் பங்கு அடைபடாமல் கிடந்ததற்காகப் பிரம்படியையும் தன் முதுகில் வாங்கிக்கொண்டான்.

நான் அடிக்கடி நினைப்பது வந்தியைத்தான். வெள்ளம் வடிந்த பிறகா அவள் மகிழ்ந்தாள்? இல்லை. ஆள் வந்துவிட்டான் என்றதுமே அவளுக்கு மனம் நிறைந்துவிட்டது. கரை அப்போதும் உடைந்துதான் கிடந்தது. நீயோ கடன் அடையட்டும், வேலை கிடைக்கட்டும், அப்புறம் சிரிக்கலாம் என்று இருக்கிறாய். சாமி நம்மோடு இருக்கிறார் என்பது உண்மையென்றால், கடன் இருக்கும்போதே சிரிக்க நமக்கு உரிமை உண்டு.

இது வெறும் பேச்சு இல்லை, நீயே கண்ணால் பார்த்திருக்கிறாய். 2020-ல் கொரோனா ஊரடங்கு. மண்டியில் வேலை இல்லை, கையில் காசில்லை, ஊருக்கு வந்த நீயும் திருப்பூர் திரும்ப முடியவில்லை. சித்திரைத் திருவிழா இல்லை என்றார்கள். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. கோயிலுக்குள் பட்டர்கள் மட்டும் நின்று திருக்கல்யாணம் நடத்தினார்கள். உன் போனைப் பித்தளைச் சொம்பில் சாய்த்து வைத்து, அம்மா இருந்த ஒரே பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தாலி கட்டும் நேரத்தில் தானும் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள். “எத்தனை வருடமாக யார் யார் முதுகையோ பார்த்துவிட்டு வந்தேன். இந்த வருடம்தான் மீனாட்சி முகத்தை முழுதாகப் பார்த்தேன்” என்று சிரித்தாள். அன்று ரேஷன் அரிசியில்தான் சர்க்கரைப் பொங்கல். நீயும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய்.

இன்னொன்று. கிரகம் சரியில்லை, பரிகாரம் செய்தால் வேலை கிடைக்கும் என்று எவனாவது ஆயிரக்கணக்கில் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதே. உதிர்ந்த பிட்டுக்கு வேலை செய்தவன் நம் சாமி. காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொள், பேத்தியையும் பக்கத்தில் நிறுத்திக்கொள். உனக்குத் தெரிந்த பாட்டை வாய்விட்டுப் பாடு, மனதுக்குள் முணுமுணுக்காதே. அப்புறம் வேலை தேடக் கிளம்பு. கிடைக்காமல் திரும்பினாலும் மருமகளிடம் எரிந்து விழாதே. அவளும் அந்தச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவள்தானே.

எனக்கு முழங்கால் வலி முன்புபோலத்தான் இருக்கிறது, கவலைப்படாதே. வெள்ளிக்கிழமை பஸ் ஏறி மூவரும் வாருங்கள், ஆரப்பாளையத்தில் வந்து நிற்கிறேன். அடகு வட்டிக்குக் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா