ஹோலஷோவிட்சேயில் நீ கேட்ட கேள்வி

அன்புள்ள கண்ணா,

நேற்று அப்பாவும் நானும் ஹோலஷோவிட்சே கிராமத்துக்குப் போய் வந்தோம். நீ படிக்க டெல்ஃப்ட் போன பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. நீ சைக்கிள் பழகிய புல்வெளி, நடுவில் குளம், குளத்தோரம் அந்தச் சின்னக் கோயில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. உன்னை நினைக்காமல் ஒரு சுற்றுகூட நடக்க முடியவில்லை.

ஒன்பது வயதில் அங்கே ஒரு கேள்வி கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டு முகப்புகளில் எழுதியிருந்த வருடங்களை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாய். திடீரென்று, "இதைக் கட்டினவங்க எல்லாம் இப்போ எங்கம்மா இருக்காங்க?" என்றாய். "செத்துப் போயிருப்பாங்க, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சே" என்று சொல்லி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அது பாதி பதில்தான். மீதி அன்று எனக்கே தெரியாது. தெரிந்த பிறகும் சொல்லாமல் தள்ளிப் போட்டேன். இப்போது சொல்கிறேன்.

தெற்குச் செக் நாட்டின் செஸ்கே புடேயோவிட்சே நகரத்திலிருந்து மேற்கே 15 கிலோமீட்டர்தான் அந்த ஊர். புடேயோவிட்சேயைச் சுற்றி இருப்பது சமவெளி, எங்கு பார்த்தாலும் மீன் குளங்கள். அந்தச் சமவெளி முடிந்து பிளான்ஸ்கி லெஸ் மலைக்காடு தொடங்கும் இடத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. பழைய பதிவுகளில் அதன் பெயர் முதலில் வருவது 1263இல். 1292இல் அரசர் இரண்டாம் வென்செஸ்லாஸ் ஊரை விஷ்ஷி ப்ரோத் என்ற கிறிஸ்தவத் துறவியர் மடத்துக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு ஐந்தரை நூற்றாண்டுக்கும் மேல், 1848 வரை, மடம்தான் ஆண்டை.

1520க்கும் 1525க்கும் இடையில் கொள்ளைநோய் வந்தது. ஊரில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஊரின் வடக்குப் பகுதியில் ஒரு கல்தூண் நிற்கிறதே, நீ சாய்ந்துகொண்டு போட்டோ எடுத்தாயே, அது அந்தச் சாவுகளின் நினைவாக வைத்தது. அந்த இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நேற்று அங்கே நின்று யோசித்தேன். உழ ஆளில்லாத நிலத்தால் மடத்துக்கு என்ன வருமானம்? பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஜெர்மன் பேசும் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1530இல் 17 பேர் இருந்ததாகப் பதிவு. அப்படித் துளித்துளியாக ஊர் மறுபடி உயிர்பெற்றது. 1895 கணக்கில் ஜெர்மானியர்கள் 157 பேர், செக் மக்கள் 19 பேர்.

அந்த வீடுகளைக் கட்டியது இந்தக் குடியானவர்களின் வழிவந்தவர்கள்தான். ஆண்டைக்குக் கூலியில்லாமல் உழைத்துத் தர வேண்டிய கடமைக்கு செக் மொழியில் 'ரோபோதா' என்று பெயர். நம் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருமே, அதேதான். ரோபோ என்ற சொல் பிறந்தது இதிலிருந்துதான். நீ படிக்கிற படிப்பின் பெயரிலேயே அந்த உழைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1848 ஜூலையில் ஹான்ஸ் குட்லிஹ் என்ற விவசாயி மகன், உன்னைப் போல இருபதுகளில் இருந்த பையன், வியன்னாவில் கூடிய ஆஸ்திரியப் பேரரசின் நாடாளுமன்றத்தில் இந்தக் கடமையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தான். அந்தச் செப்டம்பரிலேயே அது சட்டமானது.

அப்புறம்தான் விளைச்சல் விவசாயியின் கைக்கே வந்தது. கையில் காசு வந்ததும், நகரத்து மாளிகை மாதிரி தன் வீடும் இருக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. உள்ளூர்க் கொத்தனார்களே சுதையில் பூவும் கொடியும் வளைவும் செய்து மஞ்சளும் பச்சையும் இளஞ்சிவப்பும் பூசினார்கள். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் தானியக்கிடங்கு, நடுவில் வண்டி போக வளைவு வாசல், பின்னால் மாட்டுக்கொட்டில், தோட்டம். மனைகள் மட்டும் இடைக்காலத்தில் அளந்தபடியே நீளமாகவும் குறுகலாகவும் இருக்கின்றன. இப்படி 23 பண்ணைகள், மொத்தம் 120 கட்டடங்கள். இவ்வளவு அழகாகக் கட்டி முகப்பில் வருடத்தையும் எழுதி வைத்தவனின் பெருமை எனக்குப் புரிகிறது. பல தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் உழைத்தவன் அல்லவா?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் படை இந்த நாட்டுக்குச் செய்த கொடுமை உனக்குத் தெரியும். போர் முடிந்ததும், 1945-46இல், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்த ஜெர்மானியர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேரை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். குற்றம் செய்தவர், செய்யாதவர், குழந்தை, கிழவி என்று பார்க்கவில்லை. ஹோலஷோவிட்சேயின் ஜெர்மன் குடும்பங்களும் அப்படித்தான் போனார்கள். நீ உரக்கப் படித்தாயே, அந்த வருடங்களை எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள். நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

அதன் பிறகு பல வீடுகள் பூட்டியே கிடந்து இடிந்தன. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அங்கே யாரும் புதிதாகப் பெரிதாக எதுவும் கட்டவில்லை. கைவிட்டதாலேயே பழைய ஊர் அழியாமல் தப்பியது. 1990க்குப் பிறகு பழுதுபார்த்துக் குடியேறினார்கள். 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று அங்கே இருப்பவர்கள் கூரையில் ஒரு ஓடு மாற்றுவதைக்கூடப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். அவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன், அன்போடுதான் காக்கிறார்கள்.

நம் கீழ்வீட்டுப் பாட்டியிடம் ஒரு தரம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஊர்லயும் அப்படி ஒரு வீடு காலியா இருந்தது, சமையலறையில பாத்திரம் கழுவாமலே கிடந்தது" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறாய் அல்லவா? உன் பழைய சைக்கிள் நிலவறையில்தான் இருக்கிறது, டயர் மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று பேரும் போவோம். நீ மறுபடி அந்த வருடங்களைப் படி, நான் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா