ஆய்வகத் தொழில்நுட்ப மாணவர்களுக்கு ரத்தம் எடுக்கும் பயிற்சிக்கு முன்பே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடக் கோரும் மனு

அனுப்புநர்:
டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு) இரண்டாம் ஆண்டு மாணவி,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம்,
கீழ்ப்பாக்கம், சென்னை – 600 010.

பொருள்: மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவ மாணவியரை மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்பும் முன் ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) தடுப்பூசி போடவும், பயிற்சியில் ஊசி குத்திக்கொண்டால் உடனே சிகிச்சை கிடைக்கவும் உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் சாத்தூர் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டு டி.எம்.எல்.டி.யில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் வெள்ளைக் கோட்டு போட்டவள் நான்தான். இந்தப் படிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் முதன்முறை மலேரியாக் கிருமியைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் நாங்கள் ஊசியைக் கையில் எடுக்கும் முன்பு நடந்திருக்க வேண்டிய ஒரு காரியம் நடக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலாம் ஆண்டின் நடுவில் எங்களைத் தனியார் மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், வயதான பாட்டி ஒருவருக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். நரம்பு கிடைக்கவில்லை. கையில் இறுக்கிக் கட்டும் டூர்னிக்கெட் பட்டையை அவிழ்த்துக் கட்டி, கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிடச் சொல்லி, இரண்டாவது முறைதான் ரத்தம் வந்தது. ஊதா மூடிக் குழாயை மெதுவாகப் புரட்டி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஊசிக்கு மூடி போடப் போனேன். மூடியைத் தவறவிட்டு ஊசி இடது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. கையுறை போட்டுத்தான் இருந்தேன். உறைக்குள்ளே சிவப்பு பரவுவது தெரிந்தது.

பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது என்று பாடத்தில் படித்திருந்தேன். ஆனால் ஊசியை வெட்டிப் போடும் நீடில் கட்டர் அறையின் மறுகோடியில் இருந்தது. திறந்த ஊசியோடு நாலு பேரைத் தாண்டி நடக்கப் பயந்துதான் மூடினேன். பக்கத்தில் இருந்த சீனியர் அண்ணன், "விரலை நல்லாக் கசக்கி ரத்தத்தை வெளியேத்து, ஸ்பிரிட் போடு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கசக்கக் கூடாது, ஸ்பிரிட்டும் வேண்டாம், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும் என்பதை அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஆய்வகப் பொறுப்பாளரிடம் போனேன். "நீ எங்க ஸ்டாஃப் இல்லையேம்மா, காலேஜ்ல சொல்லு" என்றார். கல்லூரிக்குப் போன் செய்தேன். "ஆஸ்பத்திரியில நடந்ததுக்கு ஆஸ்பத்திரியிலதான் பார்க்கணும்" என்றார்கள். எந்தப் பதிவேட்டிலும் அன்று என் பெயர் ஏறவில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை. ராத்திரி முழுக்க விடுதி அறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அந்த ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஓர் அக்காதான் கைகொடுத்தார். பாட்டியிடமும் அவர் மகனிடமும் நடந்ததைச் சொல்லி, சம்மதம் வாங்கி, எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி மூன்றுக்கும் பரிசோதனை செய்து பார்த்தார். மூன்றும் நெகட்டிவ். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலயா தாயி உனக்கு இந்தக் கஷ்டம்?" என்று கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை.

பிறகு என் ரத்தத்தையும் பரிசோதித்தேன். ஹெபடைட்டிஸ் பி-யை எதிர்க்க ரத்தத்தில் இருக்க வேண்டிய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒரு மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருந்தால்தான் பாதுகாப்பு என்று கணக்கு. எனக்கு அதற்குக் கீழே இருந்தது. சின்ன வயதில் போட்டார்களா என்று அம்மாவுக்கு நினைவில்லை. தடுப்பூசி அட்டை வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். மூன்று தவணையும் போட்டிருக்கிறேன் என்று உறுதியாகச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் எல்லாரும் தினமும் ஊசி பிடிக்கிறார்கள்.

நோயாளிக்குத் தொற்று இருந்து, குத்திக்கொண்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், ஹெபடைட்டிஸ் பி ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை போகும். ஹெபடைட்டிஸ் சி-க்கு அது நூற்றுக்கு 2-க்கும் குறைவுதான், எச்.ஐ.வி.க்கு ஆயிரத்துக்கு 3. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் மேசையில் காய்ந்துபோன ரத்தத் துளியில்கூட ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். நாங்கள் நாள் முழுக்கத் தொடுவது அந்த மேசையைத்தான். மற்ற இரண்டுக்கும் இன்றுவரை தடுப்பூசி கிடையாது. எது எங்களை அதிகம் தாக்கக்கூடியதோ, அதற்கு மட்டும் நல்ல தடுப்பூசி இருக்கிறது. இருந்தும் போடாமல் விடுவதை என் மனது ஏற்க மறுக்கிறது. போடாமல் விட்டுவிட்டு, பின்னால் தொற்றுள்ள ஊசி குத்தினால் தயார்நிலை எதிர்ப்பொருளை நேரடியாக உடலில் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் ஊசியைத் தேடி ஓட வேண்டும். அதைக் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதன் விலை எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது.

தடுப்பூசிக்கு மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். இங்கேதான் நேரக் கணக்கு முக்கியம். கல்லூரியில் சேர்ந்த வாரமே முதல் ஊசி போட்டுவிட்டால், தியரி வகுப்பும் செய்முறை வகுப்பும் நடக்கும்போதே மற்ற இரண்டும் முடிந்துவிடும். கடைசித் தவணைக்குப் பிறகு ஒன்று இரண்டு மாதத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்த்து, ஏறாதவர்களுக்குத் திரும்பப் போடலாம். பயிற்சிக்குப் போகும் அன்று நினைத்துக்கொண்டால் எதுவும் நடக்காது.

இதற்குப் புதிதாக ஒரு சட்டம் தேவையில்லை என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது அந்த நிறுவனத்தின் கடமை என்கின்றன. அந்த "மற்றவர்கள்" என்ற சொல்லுக்குள் நாங்களும் இருக்கிறோம் என்றே நம்புகிறேன். வெட்டிய ஊசியை வெள்ளை டப்பாவிலும், ரத்தம் பிடித்த குழாயை அதற்குரிய பையிலும் போடுவது பெரும்பாலும் நாங்கள்தான். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, தொற்று அபாயம் உள்ள மருத்துவ நிறுவனங்களில் வேலை செய்யும் எல்லாருக்கும் பாதுகாப்புப் பொருள்களும், பயிற்சியும், குத்திக்கொண்டால் தடுப்பு மருந்தும் தர வேண்டும் என்கிறது. 2018-இல் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் சுகாதாரப் பணியாளர்களுக்கான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி உண்டு. வருகைப் பதிவேட்டில் பணியாளர் என்று இருப்பவர்களுக்கே இவை போய்ச் சேருகின்றன. மருத்துவமனை எங்களைக் கல்லூரி ஆள் என்கிறது. கல்லூரி, நடந்தது மருத்துவமனையில் என்கிறது. எங்களுக்கு 18, 19 வயது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வாதாட எங்களால் முடியவில்லை.

இந்த நேரத்தில் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று 1986-இல் தெரியவந்தது சென்னை மருத்துவக் கல்லூரியின் ஆய்வால். பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ரத்த மாதிரிகளைச் சேகரித்தவர் செல்லப்பன் நிர்மலா. அவரும் அப்போது ஒரு மாணவிதான். மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்திருக்கிறார். ஒரு மாணவி எடுத்த ரத்தம் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. அதனால்தான் இந்த மாநிலத்திலிருந்தே கேட்கத் துணிந்தேன்.

நான் கேட்பது இதுதான். அரசுக் கல்லூரி, தனியார் நிறுவனம் என்ற வித்தியாசம் இல்லாமல், ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கும் எல்லாருக்கும் சேர்ந்த முதல் மாதத்திலேயே தடுப்பூசி தொடங்க வேண்டும். குறைந்தது இரண்டு தவணையாவது முடியாதவர்களை ரத்தம் எடுக்க அனுப்பக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தடுப்பூசிச் செலவை மாணவர் தலையில் கட்டாமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனை மூலமாகவே போட ஏற்பாடு செய்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இது காகிதத்தோடு நின்றுவிடாமல் இருக்க எனக்குத் தோன்றிய ஒரு வழியையும் சொல்கிறேன். எங்கள் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து இல்லையென்றால் செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று தவணைத் தேதிக்கும், எதிர்ப்பொருள் அளவுக்கும் இடம் விட்டு, அதிலும் கையெழுத்து கேளுங்கள். ஒரு கல்லூரியும் தவறவிடாது.

பயிற்சிக்கு அனுப்பும் கடிதத்திலேயே, மாணவர் ஊசி குத்திக்கொண்டால் மருத்துவமனை தன் பணியாளர் போலவே பதிவு செய்து பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ராத்திரியிலும் கூப்பிடக்கூடிய ஒருவரின் பெயரும் எண்ணும் ஆய்வகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். எந்த அரசு மருத்துவமனையில் தடுப்பு மாத்திரை கிடைக்கும் என்பதும் அதன் கீழேயே இருக்கட்டும். அப்புறம், ரத்தம் எடுக்கும் மேசை ஒவ்வொன்றின் மேலும், கை எட்டும் தூரத்தில், ஒரு நீடில் கட்டர் வைக்கச் சொல்லுங்கள். அன்று அது பக்கத்தில் இருந்திருந்தால் நான் மூடியைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

என் பெயர் தெரிந்தால் படிப்புக்குப் பாதிப்பு வருமோ என்ற பயம் இருப்பதால், பெயரும் முகவரியும் தனி உறையில் வைத்து இணைத்திருக்கிறேன். கல்லூரியின் பெயரையோ மருத்துவமனையின் பெயரையோ எழுதவில்லை. அவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கையும் இல்லை. எனக்கு இப்போது மூன்று தவணையும் முடிந்துவிட்டது. என் கைக்காசில் போட்டுக்கொண்டேன். அடுத்த கல்வியாண்டில் சேரப்போகும் தம்பி தங்கைகளுக்காவது முதல் வாரமே முதல் ஊசி கிடைக்கும்படி, சேர்க்கை தொடங்கும் முன்பே தாங்கள் உத்தரவிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: சக மாணவ மாணவியரின் கையெழுத்துகள், எனது எதிர்ப்பொருள் பரிசோதனை முடிவின் நகல்.