கடைசி நாள் மட்டும் வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேலரியில் ஓவியக் காட்சி திறந்தால் எழுதுகிறீர்கள், சிற்ப முகாம் நடந்தால் படம் போடுகிறீர்கள், மார்கழி வந்தால் சபாக் கச்சேரிகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கிறீர்கள். நல்லது, தொடரட்டும். ஆனால் நிகழ்த்துக்கலை, அதாவது தன் உடம்பையும் செயலையுமே படைப்பாக்குகிற கலை, செய்கிற ஒருவர் ஒரு கேலரிக்கு ரெசிடென்சியில் வந்து, ஒரு மாதமோ இரண்டு மாதமோ அங்கேயே இருந்து புதிதாக ஒன்றை உருவாக்கினால், உங்கள் நிருபர் கடைசி நாள் மாலைதான் வருகிறார். குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், ஒரு படம், நாலு வரி. அந்த நாலு வரியிலும் விருந்தினர் பேசியதுதான் இருக்கிறது. இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஓவியர் தன் அறையில் எத்தனை மாதம் திண்டாடினாலும் கடைசியில் சுவரில் ஒரு படம் மாட்டுகிறார், அதைப் பார்த்து நீங்கள் எழுதலாம். உடம்பையும் நேரத்தையும் வைத்து வேலை செய்கிறவருக்கு அப்படித் தனியாக எடுத்து மாட்ட ஒன்றும் கிடையாது. அவர் தினமும் அந்தக் கூடத்தில் செய்து பார்த்தது, வேண்டாம் என்று விட்டது, வந்து நின்ற ஆளைப் பார்த்ததும் மாற்றிக்கொண்டது எல்லாம் சேர்ந்துதான் அந்தப் படைப்பு.

இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூகலிஸைத்தான். 1968இல் முதல் குழந்தை பிறந்தபின், பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் குழந்தையைப் பார்ப்பதும் போக கலை செய்ய நேரமே இல்லை என்ற நிலையில், இந்தப் பராமரிப்பு வேலையையே கலை என்று அறிவித்து 1969இல் ஒரு அறிக்கை எழுதினார். அதிலேயே ஒரு காட்சிக்கான திட்டமும் இருந்தது: கணவர், குழந்தையோடு மியூசியத்துக்குள் குடிவந்து, வீட்டில் செய்வதுபோல் கூட்டிப் பெருக்கி, சமைத்து, எல்லாரையும் கவனித்துக்கொள்வேன், அதுதான் என் படைப்பு என்றார். அந்தத் திட்டம் எழுதியபடி நடக்கவே இல்லை. 1973இல் ஹார்ட்ஃபர்டில் உள்ள வாட்ஸ்வொர்த் மியூசியத்தில் வாசற்படிகளையும் உள்ளே தரையையும் மண்டியிட்டுத் தேய்த்துக் கழுவினார், நாலு மணி நேரம் வெளியே, நாலு மணி நேரம் உள்ளே. அதே மியூசியத்தில் மம்மி (பதப்படுத்திய பழங்கால உடல்) வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை வழக்கமாகத் துடைக்கிற பணியாளரைத் துடைக்கச் சொல்லி, பிறகு தானும் துடைத்து, துடைத்த அந்தச் செயலைக் கலை என்று முத்திரை குத்திவிட்டார். கலைப்பொருள் ஆகிவிட்டால் அதைத் தொடும் உரிமை பணியாளருக்குக் கிடையாது, கலைப்பொருட்களைச் சிதையாமல் பேணுகிற நிபுணருக்குத்தான். யார் கை படலாம், யார் கை படக்கூடாது என்று ஒரு மியூசியம் எப்படி முடிவு செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது 1976இல் நடந்தது. நியூயார்க்கில் விட்னி மியூசியத்தின் ஒரு கிளை அப்போது வாட்டர் ஸ்ட்ரீட்டில் ஒரு பிரம்மாண்டமான அலுவலகக் கட்டடத்துக்குள் இருந்தது. அங்கே ஒரு காட்சிக்கு இவரை அழைத்தார்கள். இவர் அந்தக் கட்டடத்தைச் சுத்தம் செய்கிற, லிஃப்ட் பார்க்கிற, காவல் காக்கிற முந்நூறு பேருக்குக் கடிதம் எழுதி, தினமும் உங்கள் வேலையில் ஒரு மணி நேரத்தைக் கலை என்று நினைத்துச் செய்யுங்கள், எந்த மணி நேரம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். அப்புறம் போலராய்டு கேமராவோடு அவர்களின் ஷிஃப்டுகளில் கட்டடம் முழுக்கச் சுற்றினார். படம் எடுத்துவிட்டு, இப்போது செய்ததை வேலை என்பீர்களா, கலை என்பீர்களா என்று கேட்டு, அவர்கள் சொன்னதையே படத்தில் குறித்தார். அப்படி 720 படங்கள், நாளுக்கு நாள் கேலரிச் சுவரில் கூடிக்கொண்டே போயின. முதல் நாள் வந்த நிருபருக்கு அங்கே எழுத ஒன்றும் இருந்திருக்காது, கடைசி நாள் மட்டும் வந்தவருக்குச் சுவர் நிறையப் போட்டோ இருந்தது என்று மட்டும்தான் தெரிந்திருக்கும். ஒரே கூடத்தைத் துடைக்கிற இரண்டு பேரில் ஒருவர் அதைக் கலை என்றும் மற்றவர் வேலை என்றும் சொல்கிற இடத்தில்தான் அந்தப் படைப்பு இருந்தது, அதைப் பிடிக்க நடுவில் வந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு பத்திரிகைக்கும் பங்கு உண்டு, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் டேவிட் போர்டன் என்ற விமர்சகர் இந்தக் காட்சியைப் பற்றி எழுதும்போது, நகரமே பணமில்லாமல் தவித்த காலம் அல்லவா, துப்புரவுத் துறையும் தன் வேலையைக் கலை என்று சொல்லி அரசின் கலை நிதிக்கு விண்ணப்பிக்கலாமே என்று விளையாட்டாக ஒரு வரி போட்டார். யூகலிஸ் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. விமர்சனத்தைப் படியெடுத்துத் துப்புரவுத் துறைக்கு அனுப்பினார், அங்கிருந்து அழைப்பு வந்தது, 1977இலிருந்து அந்தத் துறையின் ரெசிடென்சி கலைஞர் ஆனார். சம்பளமில்லாத பதவி. உடனே எதையும் நடத்திக் காட்டவும் இல்லை. துறை எப்படி இயங்குகிறது, யார் எந்த ஷிஃப்டில் வருகிறார்கள், குப்பை எங்கே போகிறது என்று பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே வெகுகாலம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் 1979 ஜூலை 24 அன்று தொடங்கி 1980 ஜூன் 26 வரை, 59 வட்டாரங்களிலும் போய், 8,500 தூய்மைப் பணியாளர்களின் கையை ஒவ்வொருவராகப் பிடித்துக் குலுக்கி, நியூயார்க்கை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்று சொன்னார். மக்கள் தங்களை என்னென்ன பெயர் சொல்லி ஏசுகிறார்கள் என்று அந்தப் பயணத்தில் பணியாளர்கள் சொன்னதைக் கேட்டுவைத்து, 1984இல் அந்த வசைகளை ஜன்னல் கண்ணாடியில் எழுதி, பல துறை ஆட்களை வரவழைத்துக் கழுவ வைத்தார். இது ஒன்றும் உட்கார்ந்து யோசித்துக் கிடைத்ததில்லை, வருடக்கணக்காகக் கூடவே இருந்ததில் கிடைத்தது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். கோவாவில் வசிக்கும் நிகில் சோப்ரா 2019 செப்டம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் ரெசிடென்சி கலைஞராக, ஒன்பது நாள் தொடர்ந்து, வேடம் மாற்றி மாற்றி, பெரிய துணியில் நிலமும் நீரும் வானமும் வரைந்தபடி கூடம் கூடமாக நகர்ந்தார். 2025 டிசம்பரில் தொடங்கிய கொச்சி பினாலே என்ற பெரிய கலைக்காட்சியை ஒருங்கிணைத்ததும் அவரும் ஹெச்.ஹெச். ஆர்ட் ஸ்பேசஸ் என்ற அவருடைய கலைஞர் அமைப்பின் நண்பர்களும்தான். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய் இறங்கிவிடுகிற ஊர் அது. நிகழ்த்துக்கலையை எங்கோ வெளிநாட்டு விஷயம்போல் இனியும் ஒதுக்குவது நியாயமில்லை.

என் அக்கா மகள் இந்தத் துறையில் இருக்கிறாள். போன வருடம் ஒரு கேலரியில் ரெசிடென்சி கிடைத்தது. பழைய மீன்வலைகளை வாங்கிப் போட்டு, தரையில் உட்கார்ந்து காலையிலிருந்து பொழுது சாயும்வரை அறுந்ததைப் பின்னுவாள், பின்னியதைச் சில நாள் அறுப்பாள். முதலில் பேசிக்கொண்டே செய்தாள், பிறகு பேச்சை விட்டாள், பிறகு வருகிறவர் கையிலும் ஊசியைக் கொடுத்துப் பார்த்தாள், அதில் ஒரு வயதான மனிதர் இவள் முடிச்சு தப்பு என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார், மறுநாளிலிருந்து வேலையே திசை மாறிவிட்டது. இவ்வளவும் நடக்கும்போது பத்திரிகையிலிருந்து ஒருவரும் வரவில்லை. ‘ஷோ என்னைக்கு, அன்னைக்கு வரோம்’ என்றுதான் கேட்டார்கள். கேலரிக்காரர்களுக்கும் ‘முடிவில் என்ன காட்டப் போகிறீர்கள்’ என்ற கவலைதான், அதைச் சொல்லிச் சொல்லியே கடைசி வாரம் அவளை ஒரு நிகழ்ச்சி தயாரிக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் வந்த செய்தியில் அவள் பெயரே தப்பு.

பத்திரிகை நடுவில் வந்து பார்த்தால் கேலரியும் அந்த நடுநாட்களை மதிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் நிருபர் வரும்போது கலைஞரிடம் ‘இதன் கருத்து என்ன’ என்று ஆரம்பிக்க வேண்டாம், அந்தக் கேள்விக்கு அவரே இன்னும் பதில் தேடிக்கொண்டிருப்பார். நேற்று எதைச் செய்து பார்த்து வேண்டாம் என்று விட்டீர்கள், முட்டி வலிக்கிறதா, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கட்டும். வாசலில் இருக்கும் காவலாளியிடம் கட்டாயம் பேசட்டும், முழு வேலையையும் முதல் நாளிலிருந்து பார்த்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான். அப்புறம் கேலரி நிர்வாகத்திடம், தங்க இடம் கொடுத்தது சரி, இத்தனை நாள் வேலைக்குப் பணம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டு அதையும் அச்சில் போடுங்கள். பெரும்பாலும் ‘வாய்ப்பு கொடுத்திருக்கிறோம்’ என்று பதில் வரும். நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்து, மேடை ஏறாத நாளிலும் பயிற்சி செய்ய வைத்த கூத்துப்பட்டறை நாடகக் குழுவை 1977இல் தொடங்கிய ஊர் இது, அந்தப் பதிலோடு நாம் திருப்திப்பட வேண்டியதில்லை.

இதற்கென்று தனிப் பக்கம் கேட்கவில்லை. ஊரில் எந்த கேலரியில் யார் ரெசிடென்சியில் இருக்கிறார், எத்தனை மணிக்குப் போனால் பார்க்கலாம், உள்ளே போகக் கட்டணம் உண்டா என்று வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள். ஏதாவது ஒரு ரெசிடென்சிக்கு ஒரே நிருபரைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அனுப்பி எழுத வையுங்கள். அடுத்த அறிவிப்பு வந்ததும் விவரத்தை நானே உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை