க்ரூட்வில் கல்லறைக்கும் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்கா வருகிறவர்கள் எங்கெல்லாம் போகலாம் என்று உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தீர்கள். பீனிக்ஸ் ஆசிரமம், காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையம், ஜோகன்னஸ்பர்க்கில் தில்லையாடி வள்ளியம்மை சமாதி, எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் டர்பனிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் வந்தால் க்ரூட்வில் இருக்கிறது, அதைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதே இல்லை. அங்கே சர்ச் வளாகத்தில்தான் நிறவெறி அரசை எதிர்த்துப் போராடிய தலைவர் ஆல்பர்ட் லுத்துலியும் அவர் மனைவி நொகுகானியாவும் அடக்கமாகியிருக்கிறார்கள்.

லுத்துலி என்றதும் நோபல் பரிசுதான் பலருக்கு நினைவுக்கு வரும். 1960-க்கான அமைதிப் பரிசு, ஆப்பிரிக்கர் ஒருவருக்குக் கிடைத்த முதல் அமைதிப் பரிசு. எங்கள் பக்கத்தில் அவரை அதற்கும் முன்னால் ஊர்த்தலைவராகத் தெரியும். க்ரூட்வில்லில் தலைமை என்பது அப்பனுக்குப் பின் மகன் என்று தானாக வருவதில்லை, ஊரார் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். அவருடைய தாத்தா ந்தாபாவை அப்படித் தேர்ந்தெடுத்தது 1860-இல். அதே வருஷம் நவம்பர் 16-ஆம் தேதிதான் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பன் வந்து சேர்ந்தது. கிர்மிட்டில், அதாவது ஒப்பந்தக் கூலிகளாக, வந்த நம் ஆட்களை இந்தக் கடற்கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள், ஆக லுத்துலி குடும்பமும் எங்கள் குடும்பங்களும் இத்தனை தலைமுறையாக அக்கம்பக்கம்.

பேரன் ஆல்பர்ட் 1936-இல் தலைவரானார். ஆடம்ஸ் கல்லூரியில் நல்ல சம்பளத்தில் இருந்த ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, அதைவிட மிகக் குறைந்த சம்பளத்துக்கு வந்தார். சிறு கரும்பு விவசாயிகளைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார், ஊர்க் கூட்டங்களில் பெண்களையும் உட்கார வைத்தார். 1952-இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும் தென்னாப்பிரிக்க இந்திய காங்கிரஸும் சேர்ந்து நிறவெறிச் சட்டங்களை எதிர்த்துச் சட்டமறுப்பு நடத்தியபோது, காங்கிரஸா ஊர்த்தலைவர் பதவியா ஒன்றைச் சொல் என்று அரசாங்கம் கேட்டது. இரண்டையும் விட மாட்டேன் என்றார், பதவியைப் பறித்துவிட்டார்கள். அடுத்த மாதமே ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் அவரைத் தேசியத் தலைவராக்கியது!

அப்புறம், உங்கள் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1938-இல் உலகக் கிறிஸ்தவ மிஷனரி மாநாட்டுக்காக இந்த மனிதர் நம் தாம்பரத்துக்கே வந்திருக்கிறார். தாம்பரத்தில் தினமும் ரயில் ஏறி இறங்கும் லட்சக்கணக்கான பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பின்னாளில் அவரை லோயர் டுகேலா மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று தடை போட்டு முடக்கினார்கள். 1967 ஜூலை 21 அன்று ரயில் பாலத்தருகே அடிபட்டு இறந்தார். ரயில் மோதிய விபத்து என்று அன்றைய விசாரணை முடித்துவைத்ததை எங்கள் பெரியவர்கள் யாரும் நம்பவில்லை. 2025-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம் மறுபடி விசாரித்து, அவர் அடித்துக் கொல்லப்பட்டார் என்று சொன்னது. அந்த அம்மா நொகுகானியா வயலில் இறங்கி உழைத்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார், 1996 வரை இருந்தார். அவருக்காகவும் ஒரு பூ வையுங்கள்.

லுத்துலி 1927-இல் கட்டிய வீடு இப்போது அருங்காட்சியகம், அதையும் சேர்த்தே பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் ஆராதனை நடக்கும், அந்த நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இங்கே நவம்பர் 16 விழா எடுக்கும் நம் சங்கங்களும் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றி அங்கே கூட்டிப் போக வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், இன்னும் நடக்கவில்லை.

ஜூலை 21 வருவதற்குள் நீங்கள் ஒரு கட்டுரை போடுவீர்களா? படங்கள் வேண்டுமென்றால் நானே போய் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஸ்டேங்கர், தென்னாப்பிரிக்கா