செயலாளரின் ஆண்டறிக்கை: வைரசோடு ஓராண்டு

தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே,

வெள்ளவத்தையில் கூடும் எமது அறிவியல் வட்டத்தின் ஆண்டறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். கலத்துக்குள் புரதங்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் சமிக்ஞைப் பாதைகளை வைரசு தன் பெருக்கத்துக்கு எப்படி வளைத்துக்கொள்கிறது என்ற ஒன்றையே ஆண்டு முழுவதும் பேசினோம். வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று மூத்தோர் சிலர் முகம் சுளித்தார்கள். டெங்கு அமர்வில் மண்டபம் நிரம்பி, உயர்தர மாணவர்கள் வாசலில் நின்று கேட்ட பின் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

நாட்டில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவான 2017ஐக் கண்ட நகரம் இது; நுளம்பைப் பற்றி எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கலத்துக்குள் நடப்பதுதான் புதிதாக இருந்தது. டெங்கு வைரசிடம் இருப்பவை பத்தே புரதங்கள். வைரசு நுழைந்ததும் கலங்கள் இன்டர்பெரோன் என்ற புரதத்தைச் சுரந்து அயல் கலங்களை எச்சரிக்கின்றன. அந்தச் செய்தியைக் கலத்தின் கருவுக்குள் கொண்டுசெல்லும் புரதங்களுள் ஒன்று ஸ்டாட்2. வைரசின் மரபுப்பொருளைப் படியெடுக்கும் என்.எஸ்.5 என்ற நொதியமே ஸ்டாட்2ஐப் பிடித்து, கலத்தின் சொந்தப் புரதச் சிதைப்பு இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. எலியின் ஸ்டாட்2 அதற்குப் பிடிகொடுப்பதில்லை. சாதாரண ஆய்வுகூட எலிகளில் டெங்கு எளிதில் பெருகாததற்கு இதுவும் ஒரு காரணம். இந்த இடத்தில் மாணவர்கள் எழுப்பிய கேள்விகளால் தேநீர் ஆறிப்போனது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பப்பிலோமா வைரசு பற்றிய அமர்வு சுருக்கமாகவே நடந்தது. டி.என்.ஏயைப் படியெடுக்கும் நொதியம் அதனிடம் இல்லை; பிரியும் கலத்திடமிருந்தே அதைப் பெற வேண்டும். எனவே பிரிவதை நிறுத்திய கலத்தையும் ஈ7 புரதத்தால் மீண்டும் பிரியத் தூண்டுகிறது. பள்ளியில் ஆறாம் தரச் சிறுமிகளுக்குப் போடப்படும் தடுப்பூசி இதற்குத்தானா என்று ஒரு தாய் கேட்டார். ஆம், 2017 முதல் தேசியத் திட்டத்தில் உள்ளது என்று வளவாளர் விளக்கினார்.

இன்புளுவென்சா அமர்வில்தான் விவாதம் சூடுபிடித்தது. அந்த வைரசின் மரபுப்பொருள் கருவிலிருந்து வெளியேற ராப்–மெக்–எர்க் என்னும், கலத்தின் சொந்தச் சமிக்ஞைப் பாதை தூண்டப்பட வேண்டும். வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற எமது பொருளாளர் இதைக் கள்ளக் கையெழுத்திட்ட காசோலை என்றார். என் பார்வையில் கையெழுத்து அசல். உரியவரையே போடவைப்பதுதான் வைரசின் சாமர்த்தியம். அப்படியானால் அந்தப் பாதையையே மருந்தால் அடைக்கலாமே என்றார் ஓர் இளைஞர். அடைத்தால் வைரசுப் பெருக்கம் குறைவதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் நலமான கலம் வளர்வதற்கும் அதே பாதைதான் வேண்டும். எவ்வளவு காலம், எந்த அளவில் என்பதிலேயே வாதம் நின்றது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா நிலுவை வைத்திருப்போர் இன்றே செலுத்தினால் வாடகைக்கு உதவும். அடுத்த ஆண்டுக்கான பொருளை முன்மொழிய விரும்புவோர் கூட்டம் முடிவதற்குள் எழுதித் தரவும்.

செயலாளர்,
கொழும்பு 06